ஊசி காத்திருக்காது!



இறுதியாண்டு பிராஜக்டுக்காக நாங்கள் நாலு பேர் ஒரு ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தோம். முதலாளி எங்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏந்தம்பி, கம்ப்யூட்டர் ஒண்ணு வைக்கறீங்கல்லோ? எல்லாத்தையும் அதுலயே ஓட்டிப்போடலாமில்ல? அப்புறம் எதுக்கு இன்னொரு போர்டு, இன்னொரு செலவு?"

"ஓட்டிரலாங்ணா" என்று நான் உடனே சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு ரோல் துணி வீணானது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அவர் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. விண்டோஸ், லினக்ஸ் போன்ற பொது உபயோக ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல், நேரம் தவறவே கூடாத மிஷின் கண்ட்ரோலுக்கு ஒத்து வருமா, வராதா? திருப்பூரில் டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலரிடமும் ஏதாவது ஒரு முதலாளி இதே கேள்வியைக் கேட்கத்தான் போகிறார். பதில் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வேகம் வேறு, நேரம் வேறு

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் களைய வேண்டும். 'ரியல் டைம்' என்றவுடன் நாம் எல்லோரும் 'ரொம்ப வேகம்' என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. 'சொன்ன நேரத்துக்குள்' என்பதுதான் அதன் பொருள்.

கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள். தாலி அதற்குள் கட்டியாக வேண்டும். 7.35க்குக் கட்டிவிட்டு, 'அஞ்சு நிமிஷம்தானே லேட்டு' என்று சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் பந்தி? இலை போட கால் மணி நேரம் தாமதமானால் மாமா கொஞ்சம் சத்தம் போடுவார், பாயாசம் வந்ததும் மறந்துவிடுவார். தாலி கட்டுவது ஹார்டு ரியல் டைம். பந்தி சாஃப்ட் ரியல் டைம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் நடத்தி வைத்த நூறு கல்யாணத்திலும் சராசரியாக 6.40க்குத் தாலி கட்டியாச்சு" என்று ஐயர் சொன்னால் நமக்கு அது போதுமா? போதாது. நம் வீட்டுக் கல்யாணத்தில் 7.30ஐத் தாண்டாது என்ற உறுதிதான் வேண்டும். ஹார்டு ரியல் டைமில் சராசரிக்கு மதிப்பில்லை. 'ரொம்ப மோசமான சமயத்தில் எவ்வளவு தாமதமாகும்?' என்ற ஒரே கணக்குதான் செல்லும்.

30 டையா, 24 கேஜ்

இப்போது நம்ம ஊர் மிஷினுக்கு வருவோம். 30 டையா, 24 கேஜ் சர்க்குலர் நிட்டிங் மிஷின். சுற்றளவு 30 பெருக்கல் 3.14, கிட்டத்தட்ட 94 அங்குலம். அங்குலத்துக்கு 24 ஊசி. ஆக மொத்தம் சுமார் 2260 ஊசிகள். நிமிடத்துக்கு 30 சுற்று ஓடினால், ஒரு இடத்தில் நின்று பார்க்கும் சென்சாரை ஒரு செகண்டில் 1130 ஊசிகள் கடந்து போகும். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் 0.885 மில்லி செகண்டு. ஒரு மில்லி செகண்டு கூட முழுசாக இல்லை.

டிசைன் ஓடும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு மிஷினில் வேலை இன்னும் கறார். ஒவ்வொரு பீடரிலும், ஒவ்வொரு ஊசி வரும்போதும், 'இந்த ஊசி பின்ன வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா' என்று தீர்மானித்து, அந்த ஊசி வந்து சேர்வதற்குள் செலக்டரை நகர்த்தியிருக்க வேண்டும். 20 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு ஊசிக்கு 1.33 மில்லி செகண்டு கிடைக்கும். 48 பீடர் இருந்தால் செகண்டுக்கு சுமார் 36,000 முடிவுகள். இன்றைய பிராசஸருக்கு இந்த எண்ணிக்கை பெரிசே இல்லை, செகண்டுக்கு நூறு கோடிக்கு மேல் வேலை செய்யும். ஆகவே இங்கே சிக்கல் வேகம் அல்ல. 36,000 முடிவில் ஒன்று தாமதமானாலும் அது தப்பான ஊசிக்குப் போய் விழும். டிசைனில் ஒரு புள்ளி இடம் மாறும். செக்கிங் டேபிளில் அது பளிச்சென்று தெரியும்.

எம்பிராய்டரி மிஷினைப் பாருங்கள். நிமிடத்துக்கு 800 தையல் என்றால் ஒரு தையலுக்கு 75 மில்லி செகண்டு. இதில் ஊசி துணியை விட்டு மேலே இருக்கும் நேரத்தில் மட்டுமே பிரேம் நகரலாம். ஊசி உள்ளே இருக்கும்போது நகர்ந்தால் ஊசி முறியும் அல்லது துணி கிழியும்.

எல்லா வேலையும் இப்படிக் கறாரானது அல்ல. பாசிட்டிவ் பீடரின் மேலே நூல் அறுந்தால், வீலில் சுற்றியிருக்கும் நூல் தீர்வதற்குள் மிஷின் நின்றால் போதும், கொஞ்சம் தவணை உண்டு. டையிங்கில் சாஃப்ட் ஃபுளோ மிஷினின் சூட்டை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம்தான் ஏற்றுகிறோம். அங்கே கட்டளை 50 மில்லி செகண்டு தாமதமானால் தண்ணீருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே கேள்வியை 'கம்ப்யூட்டர் ஒத்து வருமா' என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. 'எந்த வேலைக்கு, எவ்வளவு தவணை, தவறினால் என்ன நஷ்டம்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

கெர்னல் ஏன் தாமதிக்கிறது?

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பருப்பு. எந்த புரோகிராம் எப்போது பிராசஸரில் ஓட வேண்டும், யாருக்கு எவ்வளவு மெமரி, டிஸ்க்கிலும் நெட்ஒர்க்கிலும் என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். பொது உபயோக கெர்னலின் நோக்கம், எல்லா புரோகிராமுக்கும் நியாயமாகப் பங்கு கொடுத்து, மொத்தத்தில் நிறைய வேலையை முடிப்பது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதிலிருந்தே தாமதங்கள் பிறக்கின்றன.

முதலாவது, பங்கு. நம் கண்ட்ரோல் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெர்னல் அதை ஓரமாக நிறுத்திவிட்டு வேறொன்றை ஓட விடலாம். முன்னுரிமை கொடுத்தால் இது குறையும். ஆனால் கெர்னலே உள்ளே ஏதாவது செய்துகொண்டிருந்தால், நம் முன்னுரிமை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, கடிகாரம். விண்டோஸில் வழக்கமான டைமர் துடிப்பு 15.6 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. 'ஒரு மில்லி செகண்டில் எழுப்பு' என்று சொல்லிவிட்டுத் தூங்கினால் 15 மில்லி செகண்டு கழித்து எழுப்பலாம். அதற்குள் நம் ஜக்கார்டில் 11 ஊசிகள் போய்விட்டிருக்கும். கேட்டு வாங்கினால் துடிப்பை 1 மில்லி செகண்டு வரை குறைக்கலாம். ஆனால் அப்போதும் அது வேண்டுகோள்தான், வாக்குறுதி அல்ல.

மூன்றாவது, மெமரி. நம் புரோகிராமின் ஒரு பகுதி மெமரியில் இல்லாமல் டிஸ்க்கில் இருந்தால், அதைக் கொண்டுவரும் வரை நாம் நிற்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இதற்கு மட்டும் 10 மில்லி செகண்டு போகும்.

நான்காவது, பூட்டு. கெர்னல் தன் கணக்குப் புத்தகத்தைத் திருத்தும்போது இன்டரப்ட்டை நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் வெளியே சென்சார் கத்தினாலும் காது கேட்காது.

ஐந்தாவது, கெர்னலுக்கே தெரியாதது. பிசி மதர்போர்டில் பயாஸ் சில சமயம் பிராசஸரைத் தன் சொந்த வேலைக்குப் பிடுங்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்தால் முடியாது. திரும்பி வந்தபோது கடிகாரம் முன்னால் போயிருக்கும்.

நண்பர்களே, இவற்றை மோசமான வேலை என்று சொல்லிவிடாதீர்கள். டவுன் பஸ் எல்லா ஸ்டாப்பிலும் நின்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் வரும். அதற்காகத்தான் அது டவுன் பஸ். அதை ஆம்புலன்ஸாக நினைத்து ஏறியது நம் தப்பு.

எங்கள் கையில் நடந்தது

இப்போது எங்கள் கதை. ஊசி ஒன்று கெட்டுவிட்டால் துணியில் நீளமாக ஊசிக் கோடு விழும். 2260 ஊசியில் எது கெட்டது என்று பிட்டர் தேட வேண்டும். ஊசியின் கொக்கியைப் பார்க்கும் சென்சார் ஒன்றையும் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பல்ஸ் கொடுக்கும் என்கோடரையும் வைத்து, 'கெட்டது இத்தனாவது ஊசி' என்று ஸ்கிரீனில் காட்டுவதுதான் எங்கள் பிராஜக்ட். முதலாளி சொன்னபடியே எல்லாவற்றையும் ஒரே ராஸ்பெரி பையில் வைத்தோம். பல்ஸ் எண்ணுவதும் அதுதான், ஸ்கிரீன் காட்டுவதும் அதுதான், வைஃபையில் ரிப்போர்ட் அனுப்புவதும் அதுதான்.

லேபில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். ஒரு பல்ஸ் கூடத் தப்பவில்லை. ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டோம். யூனிட்டில் மாட்டினோம். இரண்டாம் நாள் 'ஊசி எண் 412' என்று காட்டியது. பிட்டர் அண்ணன் எங்களை நம்பி அதைக் கழற்றிப் புது ஊசி போட்டார். கோடு போகவில்லை. நல்ல ஊசியைக் கழற்றிவிட்டோம், கெட்டது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு ரோல் முழுக்கக் கோடு. துணி கொடுத்தவர் ஜாப் ஒர்க் பில்லில் அந்த ரோலின் பணத்தைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

காரணம் என்ன? வைஃபையில் ரிப்போர்ட் போகும் நேரத்தில் எங்கள் புரோகிராமுக்கு முறை வர ஒன்றிரண்டு மில்லி செகண்டு தாமதமாகியிருக்கிறது. அந்த இடைவெளியில் வந்த இரண்டு பல்ஸ் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. ஒன்று தப்பினால், அதற்குப் பின் வரும் எல்லா எண்ணும் தப்பு. லேபில் ஏன் தப்பவில்லை? அங்கே வைஃபை ஓடவில்லை. ஆயிரம் முறை சரியாக ஓடியது, ஆயிரத்து ஒன்றாவது முறை சரியாக ஓடும் என்பதற்குச் சாட்சி அல்ல என்று அன்றுதான் புரிந்தது.

திருத்தம் மிகச் சின்னது. 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் ஒரு சாதாரண மைக்ரோ கண்ட்ரோலரை வாங்கி, பல்ஸ் எண்ணும் வேலையை அதன் ஹார்டுவேர் கவுண்டரிடம் கொடுத்தோம். சுற்றுக்கு ஒரு முறை வரும் ஜீரோ பல்ஸில் எண்ணிக்கையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னோம். கெட்ட ஊசியின் எண்ணை மட்டும் அது சீரியலில் மேலே அனுப்பும். வேகத்தில் ராஸ்பெரி பையோடு ஒப்பிட்டால் அந்த சிப் நொண்டிதான். ஆனால் அதற்கு ஒரே வேலை, கவனம் சிதற வேறு ஒன்றும் கிடையாது.

கீழே, உள்ளே, பக்கத்தில்

உலகத்தில் மற்றவர்கள் இந்தச் சிக்கலுக்கு மூன்று வழி கண்டார்கள்.

ஒன்று, கெர்னலுக்குக் கீழே. 1990களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பராபனோவும் ஆர்டி லினக்ஸ் செய்தார்கள். அடியில் ஒரு சின்ன ரியல் டைம் கெர்னல். முழு லினக்ஸும் அதற்கு மேல் கடைசி முன்னுரிமையுள்ள ஒரு வேலையாக ஓடும். கறார் வேலை முடிந்து நேரம் மிச்சம் இருந்தால்தான் லினக்ஸுக்கு முறை. இத்தாலியின் மிலான் பாலிடெக்னிக்கில் பிறந்த ஆர்டிஏஐயும் இதே வழி. விண்டோஸ் பிசியில் பிஎல்சி வேலை செய்யும் ஜெர்மனியின் பெக்காஃப் ட்வின்கேட்டிலும் நேரம் காப்பது விண்டோஸ் அல்ல, அதோடு சேர்த்து வைத்த தனி ரியல் டைம் பகுதி.

இரண்டு, கெர்னலுக்கு உள்ளே. இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் 2004, 2005 வாக்கில் பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற வேலையைத் தொடங்கினார்கள். கெர்னலின் உள்பூட்டுகளில் பெரும்பாலானவற்றை, நடுவில் நிறுத்தி முன்னுரிமைக்காரனுக்கு வழிவிடும் பூட்டுகளாக மாற்றினார்கள். இன்டரப்ட் வேலைகளையும் வரிசையில் நிற்கும் சாதாரண வேலைகளாக ஆக்கினார்கள். துண்டு துண்டாக உள்ளே போய், 2024 செப்டம்பரில் மூல லினக்ஸிலேயே முழுசாகச் சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது உண்டு. இருபது வருஷ உழைப்பு! நல்ல ஹார்டுவேரில், சரியாக அமைத்தால், தாமதம் 100 மைக்ரோ செகண்டுக்குள் அடங்குவதைப் பார்க்கலாம். நம் 885 மைக்ரோ செகண்டுக்கு இது தாராளம். ஆனால் 'பார்க்கலாம்' என்பதும் 'நிரூபிக்கலாம்' என்பதும் ஒன்றல்ல. கோடிக்கணக்கான வரிகள் உள்ள ஒரு கெர்னலின் மிக மோசமான தாமதத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். பயாஸ் பிடுங்கிக்கொள்ளும் நேரமும் அப்படியே இருக்கும்.

மூன்று, பக்கத்தில். நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். பீகிள்போன் பிளாக் போர்டில் இதை ஒரே சிப்புக்குள் வைத்திருக்கிறார்கள். பெரிய பிராசஸரில் லினக்ஸ், பக்கத்தில் 200 மெகா ஹெர்ட்ஸில் இரண்டு குட்டி பிராசஸர்கள். குட்டியின் சாதாரணக் கட்டளை ஒன்றுக்கு 5 நானோ செகண்டு. லினக்ஸ் என்ன பாடுபட்டாலும் குட்டிகள் தாளம் தப்பாது.

செவ்வாயில் ஒரு பாடம்

'அப்படின்னா ஆர்டிஓஎஸ் ஒன்று வாங்கிப் போட்டால் கவலை விட்டதா?' என்று கேட்டால், அதுவும் இல்லை. 1997 ஜூலை 4ஆம் தேதி நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. அதில் ஓடியது விஎக்ஸ் ஒர்க்ஸ் என்ற பேர் பெற்ற ரியல் டைம் சிஸ்டம். சில நாளில் கம்ப்யூட்டர் தானாகத் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் முக்கியமில்லாத வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. அதே பூட்டுக்காக மிக முக்கியமான வேலை காத்திருந்தது. நடுத்தர வேலைகள் குறுக்கே வந்து, பூட்டைப் பிடித்தவனை ஓட விடாமல் செய்தன. முக்கிய வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்காணிப்பு டைமர் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூட்டைப் பிடித்திருப்பவனுக்குத் தற்காலிகமாக மேல் முன்னுரிமை கொடுக்கும் ஒரு வசதியைப் பூமியிலிருந்தே இயக்கி இதைச் சரிசெய்தார்கள். பேரைப் பார்த்து நம்பக்கூடாது, டிசைனைப் பார்க்க வேண்டும் என்பதே பாடம். நாம் படிக்கும் பிஎல்சி கூட அப்படித்தான். ஸ்கேன் நேரம் 5 மில்லி செகண்டு என்றால் ஊசி பல்ஸை லேடர் வழியாக எண்ண முடியாது. அதற்காகத்தான் ஹை ஸ்பீடு கவுண்டர் இன்புட் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

எந்த வேலை யாருக்கு?

எங்கள் அனுபவத்தில் தேறிய பங்கீடு இது:

1. ரோல் எடை, ரிப்போர்ட், டிசைன் ஃபைல், ஸ்கிரீன், டையிங் சூட்டுப் பதிவு: சாதாரண விண்டோஸ் அல்லது லினக்ஸ் போதும். இதில் அதுதான் கெட்டிக்காரன்.

2. பத்து, இருபது மில்லி செகண்டு தவணையுள்ள வரிசை வேலைகள்: பிஎல்சி அல்லது நன்றாக அளந்து பார்த்த பிரீஎம்ப்ட் ஆர்டி.

3. ஊசி எண்ணுவது, செலக்டர், ஸ்டெப்பர் பல்ஸ்: மைக்ரோ கண்ட்ரோலர் அல்லது தனி ஹார்டுவேர்.

4. ஆள் பாதுகாப்பு: எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கையிலும் தனியாக விடக்கூடாது.

நாலாவதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பிட்டர் ஊசி மாற்றும்போது ஒரு கை சிலிண்டர் பக்கம் இருக்கும், ஒரு கை இன்ச்சிங் பட்டனில் இருக்கும். பட்டனை விட்டவுடன் மிஷின் நிற்க வேண்டும். 'விட்டுவிட்டார்' என்ற செய்தி கெர்னலின் வரிசையில் அரை செகண்டு நின்றால் போவது ரோல் அல்ல, விரல். எமர்ஜென்ஸி ஸ்டாப், கதவு ஸ்விட்ச், இன்ச்சிங் ஆகியவற்றின் ஒயர் கம்ப்யூட்டரைச் சுற்றிப் போகாமல் நேராக ரிலேவுக்கும் காண்டாக்டருக்கும் போகட்டும். கம்ப்யூட்டருக்கு வேண்டுமானால் 'நின்றுவிட்டது' என்ற தகவல் மட்டும் போகட்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

லேபில் ஒரு பழைய பிசி இருந்தால் போதும். லினக்ஸ் போட்டு 'சைக்ளிக்டெஸ்ட்' என்ற இலவச புரோகிராமை ஓட்டுங்கள். எழுப்பச் சொன்ன நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது மைக்ரோ செகண்டில் காட்டும். சும்மா ஓட்டினால் எண்கள் அழகாக இருக்கும். பிறகு பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள், வீடியோ ஓட்டுங்கள், நெட்ஒர்க்கை நிரப்புங்கள். சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சம் என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓட விட்டுக் காலையில் வந்து பாருங்கள். அதன்பின் பிரீஎம்ப்ட் ஆர்டி கெர்னலில் அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணையும் 885 பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் இத்தனை பக்கம் எழுதியதை அந்த மூன்று எண்கள் சொல்லிவிடும்.

மறுபடி அந்த யூனிட்டுக்குப் போனபோது முதலாளி சின்ன போர்டைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் அன்னைக்கே கேட்டனே, தேவையான்னு" என்றார். "தேவைதாங்ணா. கம்ப்யூட்டர் கணக்கு எழுதட்டும், ஊசியை இது பாத்துக்கும்" என்றேன். இந்தப் பதிலை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நண்பர்களே, உங்களிடம் கேட்கும்போது நீங்கள் முதல் நாளே சொல்லுங்கள்.